தார் பாலைவனத்தில் நான்கு நாள்: நீருக்கும் மண்ணுக்கும் தீங்கு செய்யாத முகாம் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சாம் மணல்மேடுகளை நோக்கிச் செல்லும் சாலையில், குளிர்கால மாலைகளில் இரண்டு வகை வண்டிகள் வரிசையாகப் போகும்: பயணிகளை ஏற்றிய ஜீப்புகளும், அவர்கள் தங்கப்போகும் முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டு செல்லும் டேங்கர் லாரிகளும். முதன்முறை சென்றபோது நான் ஜீப்பில் இருந்தேன், லாரியைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் முகாமின் குளியலறையில் வேண்டிய மட்டும் குளித்துவிட்டுக் கூடாரங்களின் பின்புறம் நடந்தபோது, மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் ஒன்று சோப்பு நீரைக் கக்கிக்கொண்டிருந்தது. அது தேங்கிய சாம்பல் நிறக் குட்டையில் மூன்று ஆடுகள் வாய் வைத்துக் குடித்தன. சுற்றிலும் அவற்றுக்குக் குடிக்க வேறு நீர் இல்லை. அன்று நான் குளித்த நீர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்ற கேள்வியிலிருந்துதான் பின்னர் நான் மேற்கொண்ட பயணங்கள் எல்லாம் திட்டமிடப்பட்டன. இந்த வழிகாட்டியும் அந்தக் கேள்வியை வைத்தே எழுதப்பட்டுள்ளது.

ஜெய்சல்மேர் வட்டாரத்தின் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. சென்னைக்குக் கிடைப்பதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத அந்த மழையைக் கொண்டு பல நூற்றாண்டுகளாக மக்கள் அங்கே பயிர் செய்து, கால்நடை வளர்த்து வாழ்ந்துவருகிறார்கள். அவர்களுடைய ஒழுங்குக்குள் நாமும் நான்கு நாள் அடங்கி நடப்பதே பொறுப்பான பாலைவனப் பயணம். கீழே உள்ள விவரங்கள் ஆறு பேர் கொண்ட குழு, மூன்று இரவு, ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே உள்ள கிராமங்கள், ஒட்டகமும் ஒட்டக வண்டியும் என்ற அளவில் அமைந்தவை.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி முடியும் வரை செல்லலாம். பகல் இதமாக இருக்கும். இரவில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், ஜனவரியில் சில இரவுகள் உறைநிலையை நெருங்கும். ஏப்ரலுக்குப் பிறகு இந்தப் பயணத்தை எண்ணவே வேண்டாம்: இதே வட்டாரத்தைச் சேர்ந்த பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. டிசம்பர் கடைசி வாரத்தையும், பிப்ரவரியில் முழுநிலவை ஒட்டி நடைபெறும் பாலைவனத் திருவிழா நாள்களையும் தவிர்ப்பது நல்லது. அந்த நாள்களில் ஊரின் நீரும் ஒட்டகங்களும் மனிதர்களும் தாங்கும் அளவுக்கு மேல் சுமக்கிறார்கள். அமாவாசையை ஒட்டிய ஜனவரி நாள்கள் கூட்டமும் குறைவு, விண்மீன்களும் அதிகம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

முழுப் பயணத்தையும் தீர்மானிப்பது இந்த ஒரு முடிவுதான் என்பது என் உறுதியான கருத்து. விடுதி வரவேற்பறையில் முன்பதிவு செய்தால் பெரும்பாலும் இடைத்தரகர் ஒருவர் பணத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வார்; ஒட்டகக்காரருக்கு மிச்சம் வருவது சொற்பம். ஆகவே, மணல்மேட்டை ஒட்டிய கிராமத்தில் பிறந்து வளர்ந்து, தம் சொந்த ஒட்டகத்தோடு அழைத்துச் செல்பவரைத் தேடுங்கள். ஊருக்குச் சென்று ஒரு நாள் தங்கி, இரண்டு மூன்று பேரிடம் நேரில் பேசிய பிறகே முடிவு செய்யுங்கள். “கம்மா கணி” என்று வணங்கிப் பேச்சைத் தொடங்கினால், “கணி கம்மா” என்று பதில் வணக்கம் வரும். அதற்குப் பின் பேச்சு எளிதாகும்.

அவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. நாங்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குப்பையை என்ன செய்வீர்கள்? ஒரே நேரத்தில் எத்தனை பேரை அழைத்துச் செல்கிறீர்கள்? இரவு தங்கும் இடத்துக்கு யாருடைய அனுமதி வேண்டும்? யாருக்காவது உடல்நிலை சரியில்லாமல் போனால் வாகனம் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும்? “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதில் போதாது. ஒருமுறை ஒரு வழிகாட்டி, தண்ணீரைப் பற்றிக் கேட்டதும், எந்தக் கிணற்றில் எடுப்பார், அந்தக் கிணறு எந்தக் குடும்பத்தாருடையது, நம் குழு எடுக்கும் நீருக்கு அவர்களுக்கு என்ன கொடுப்பார் என்று விளக்கினார். அவருடனேயே சென்றேன்.

அனுமதி குறித்த கேள்விக்கும் காரணம் உண்டு. 1980-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பாலைவன தேசியப் பூங்கா, ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. அதன் எல்லைக்குள் ஊர்களும் வயல்களும் கலந்து கிடப்பதால், பூங்கா எங்கே தொடங்குகிறது என்பது புதியவருக்குத் தெரியாது. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே தங்கக்கூடாது. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தனி அனுமதி பெற வேண்டியிருக்கலாம். இலங்கை, மலேசியா, கனடா போன்ற நாடுகளிலிருந்து வரும் தமிழர்கள் இதை மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சாட்டிலைட் போனை உரிமமின்றி இந்தியாவுக்குள் கொண்டு வருவது சட்டப்படி குற்றம். டிரோனையும் வீட்டிலேயே விட்டு வாருங்கள்.

ஊர் சேர்தல்

விமானத்தைத் தவிர்க்க விரும்புவோருக்கு மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டிக்கும், மதுரையிலிருந்து பிகானேருக்கும் வாராந்திர ரயில்கள் உள்ளன. புறப்படும் முன் கால அட்டவணையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு ரயிலிலோ பேருந்திலோ செல்லலாம்.

ஜெய்சல்மேரில் தங்கும் இரவுக்குக் கோட்டைக்கு வெளியே உள்ள விடுதியைத் தேர்ந்தெடுங்கள். 1156-இல் எழுந்த அந்தக் கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள்; குடத்தில் கொண்டுவந்த நீரை அளந்து செலவழித்த காலத்தில் அதற்குக் கேடு இல்லை. குழாய் நீரும் விடுதிகளின் குளியலறைகளும் வந்த பிறகு, கழிவுநீர் அடித்தளத்துக் களிமண்ணுக்குள் ஊறி, மதில்களின் பகுதிகள் சரிந்தன. உலகின் ஆபத்திலுள்ள நினைவுச் சின்னங்களின் பட்டியலில் அது 1996 முதல் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. பகலில் சென்று கண்குளிரப் பாருங்கள். குளியலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

குளிர்காலத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க நான்கு லிட்டர், சமையலுக்கும் கழுவுவதற்கும் மூன்று லிட்டர் என வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு மூன்று முழு நாளுக்கு 126 லிட்டர். உடன் வரும் இரண்டு ஒட்டகக்காரர்களையும் சேர்த்தால் 168 லிட்டர். 20 லிட்டர் கேன் ஒன்பது எடுத்துக்கொண்டால் சிறிதளவு கையிருப்பும் இருக்கும். ஒட்டக வண்டியில் ஏற்றிச் செல்லும் இந்த நீரைக் கொண்டே முழுப் பயணமும் நடக்க வேண்டும். இதில் குளியல் இல்லை. ஈரத்துணியால் முகமும் கழுத்தும் துடைத்துக்கொள்ள ஒரு குவளை நீர் போதும். காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை உடம்பில் தங்குவதில்லை, நான்கு நாள் குளிக்காமலிருப்பது நம் ஊரில் இருப்பதுபோல் தொல்லையாக இராது. பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள். நகரத்தில் சுத்திகரித்த நீரைக் கேன்களில் நிரப்பிக்கொண்டு, ஆளுக்கு ஒரு எஃகுக் குடுவை வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் தென்படும் நீர்நிலைகளின் ஒழுங்கையும் அறிந்திருக்க வேண்டும். வீட்டு முற்றத்திலோ வயலோரத்திலோ மூடியுடன் தரையோடு தரையாக இருக்கும் வட்டத் தொட்டி ‘டாங்கா’. மழைநீரைச் சேர்த்து வைக்கும் நிலத்தடித் தொட்டி அது. அதைச் சுற்றிச் சரிவாக மெழுகிய தரை, நீர் வந்து சேரும் வழி. அதன் மேல் செருப்புக் காலுடன் நடப்பது பிறருடைய சமையலறைக்குள் அப்படி நுழைவதற்கு ஒப்பாகும். மணலுக்கு அடியில் பல இடங்களில் ஜிப்சம் படலம் ஒன்று ஓடுகிறது; அது மேலிருந்து ஊறும் மழையீரத்தை ஆழத்திலுள்ள உப்புநீரோடு கலக்காமல் தடுத்து நிறுத்துகிறது. அந்த ஈரம் கசிந்து சேர்வதற்காகத் தோண்டிய குறுகிய கிணறுகளே ‘பேரி’கள். இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக ஊறிய நீர் காலையில் சில குடங்களே தேறும். அதைப் பார்த்துவிட்டால், கேனைக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளலாமே என்ற எண்ணம் யாருக்கும் எழாது. குளங்களுக்கு நீர் வரும் பரந்த நிலத்தை ‘ஆகோர்’ என்பார்கள். அங்கே மலசலம் கழிப்பதையும் குப்பை போடுவதையும் ஊர்க் கட்டுப்பாடு தொன்றுதொட்டுத் தடுத்துவந்துள்ளது. வறண்டு கிடக்கும் வெற்றுநிலம் என்று நம் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் ஏதோ ஓர் ஆகோரின் பகுதியாகவே இருக்கும்.

மூட்டை கட்டுதல்

கனமான கம்பளி, காதை மூடும் குல்லா, ஸ்லீப்பிங் பேக், கணுக்காலை மூடும் ஷூ, சிவப்பு விளக்குள்ள தலை டார்ச், நீளமான பருத்தித் துண்டு, எஃகுத் தட்டு, குவளை, சிறு மண்வாரி, பழைய தலையணை உறைகள் ஆறு. இந்த உறைகளின் பயன் பின்னர் வரும். பிளாஸ்டிக் உறையிலிட்ட தின்பண்டங்களை வீட்டிலேயே பிரித்துத் துணிப்பைக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் நாள்: கைவிடப்பட்ட ஊரும் பசுமையான வயலும்

காலையில் வாகனத்தில் புறப்பட்டு, நகரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் உள்ள குல்தாராவில் இறங்குங்கள். பாலிவால் பிராமணர்கள் 19-ஆம் நூற்றாண்டில் விட்டுச்சென்ற ஊர் அது. பேய் உலவுவதாகச் சொல்லிப் பலரும் அழைத்துச் செல்கிறார்கள். அங்கே அறிய வேண்டியது வேறு. பாலிவால்கள் செம்மைப்படுத்திய ‘கடீன்’ என்னும் வேளாண்முறை இந்த வட்டாரத்தில் இன்றும் உயிருடன் இருக்கிறது. பாறைச் சரிவில் விழும் மழையெல்லாம் ஓடிவந்து சேரும் தாழ்நிலத்தின் கீழ்முனையில் நீண்ட மண்கரை ஒன்றை எழுப்புவார்கள். தேங்கிய நீர் நிலத்துக்குள் இறங்கியதும், அந்த ஈரத்தை மட்டும் நம்பிக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதன்பின் பாசனமே கிடையாது. நல்ல மழை பெய்த ஆண்டின் ஜனவரியில், நாற்புறமும் பழுப்பாகக் கிடக்கும் நிலத்தின் நடுவே இடுப்புயரப் பச்சையைப் பார்த்து நான் கரையிலேயே வெகுநேரம் அமர்ந்துவிட்டேன். கரைமேல் நடக்கலாம், வயலுக்குள் இறங்க வேண்டாம்.

நண்பகலில் கிராமத்தில் ஒட்டகங்களைச் சந்திப்பீர்கள். ஏறுமுன் அவற்றைப் பாருங்கள். மூக்கில் குச்சி செருகிய இடத்தில் சீழோ புண்ணோ இருக்கிறதா, சேணத்துக்கு அடியில் தோல் உரிந்திருக்கிறதா, திமில் நிமிர்ந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். புண்ணுள்ள ஒட்டகத்தின் மேல் ஏற மாட்டோம் என்று மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஓர் ஒட்டகத்தில் ஒருவர் மட்டுமே ஏற வேண்டும். மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சற்று நடந்தால் ஒட்டகத்துக்கும் நல்லது, நம் தொடைகளுக்கும் நல்லது.

ஒட்டகச் சவாரியே கொடுமை என்று ஒதுங்குவோரின் மனம் எனக்குப் புரிகிறது. எனினும், கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012-இல் 4 லட்சமாக இருந்த இந்திய ஒட்டகங்கள் 2019-இல் ஏறக்குறைய 2.5 லட்சமாகக் குறைந்தன. டிராக்டரும் சாலையும் வந்தன, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. 2015-ஆம் ஆண்டு ராஜஸ்தான் கொண்டுவந்த சட்டம் கொல்வதைத் தடுத்ததோடு மாநிலத்துக்கு வெளியே விற்பதையும் கடினமாக்கியதால், வளர்ப்பவருக்கு வருவாய் வழி அடைபட்டது. நன்றாகப் பேணப்படும் ஒட்டகத்துக்கு நியாயமான கூலி கொடுப்பது, அதை வைத்திருக்க ஒரு குடும்பத்துக்குக் காரணம் கொடுப்பதாகும்.

முகாமிடும் இடம்

‘தோரா’ என்று உள்ளூரார் அழைக்கும் மணல்மேட்டின் அடிவாரத்தில், காற்று மறையும் பக்கத்தில், புல் பூண்டு ஏதுமற்ற வெறும் மணலில் முகாமிடுங்கள். மேட்டின் உச்சியில் காற்று தூங்கவிடாது. மரத்தடியில் கால்நடைகள் படுத்தெழுந்த இடமானால் உண்ணிகள் இருக்கும். மணலை விடக் கெட்டியான சரளைச் சமவெளி கூடாரத்துக்கு வசதியாகத் தோன்றினாலும் அதை விட்டுவிடுங்கள். முள்வால் பல்லிகள் அங்கேதான் வளை தோண்டி, குளிர்காலத்தில் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே உறங்குகின்றன. மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஜீப்பை மணலிலும் சமவெளியிலும் தாறுமாறாக ஓட்டும் விளையாட்டை நான் வெறுப்பதற்கு இதுவே முதற்காரணம்: சக்கரம் ஒருமுறை உருண்ட இடத்தில், மணலைப் பிடித்து வைத்திருக்கும் சேவண் புல்லின் வேரும் அடியில் உறங்கும் உயிரும் சேர்ந்தே நசுங்குகின்றன.

மணலில் கூடார முளை நிற்காது. தலையணை உறைகள் இப்போது உதவும்: அவற்றில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றைப் பிணைத்து, முழங்கை ஆழத்தில் புதைத்துவிடுங்கள், எந்தக் காற்றும் அசைக்காது. வானத்தைப் பார்த்தபடி கயிற்றுக்கட்டிலில் உறங்குவது கூடாரத்தினும் சிறந்தது, ஆனால் விடியற்காலைப் பனி போர்வையை நனைக்கும் என்பதால் மேலே ஒரு தார்ப்பாய் வேண்டும்.

அடுப்பும் உணவும்

சமையலுக்குச் சிறிய எரிவாயு அடுப்பே மேல். ‘போக்’ என்னும் புதர் மணலை இறுகப் பிடித்து வைத்திருப்பது. விறகுக்கும் கரிக்கும் வேரோடு பிடுங்கப்பட்டதால் பல இடங்களில் அது அரிதாகிவிட்டது. ராஜஸ்தானத்து மக்கள் கேஜ்ரி என்று போற்றும் மரம், விருத்தாசலம் கோயிலில் தல மரமாக நிற்கும் நம் வன்னியே. 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி ஊரில், அரசனின் ஆட்கள் அதை வெட்ட வந்தபோது அம்ரிதா தேவி முதலாக 363 பிஷ்னோய் மக்கள் மரங்களைக் கட்டியணைத்து உயிரைக் கொடுத்தார்கள். அந்த மண்ணில் குளிர்காய்வதற்காகக் கிளை ஒடிப்பது தகாது. இரவில் தீ வேண்டுமென்றால், நம் ஊர்க் கண்மாய்களைப் போலவே அங்கும் பரவித் தொல்லை தரும் சீமைக்கருவேல விறகைக் கிராமத்தில் விலைக்கு வாங்கி, பழைய இரும்புச் சட்டியில் மூட்டுங்கள். மணலில் நேரடியாக எரித்தால் கரித்துண்டுகள் மழையற்ற அந்த நிலத்தில் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

உணவில் நமக்கு அந்நியம் என்று அதிகம் இல்லை. கம்பு ரொட்டி, பூண்டுத் துவையல், நரிப்பயறு, காய்ந்த வன்னிக்காயும் கேர் காயும் சேர்த்துச் செய்யும் கறி, கம்பங்கூழுக்கு உறவான ‘ராப்’. இவை எல்லாம் மிகக் குறைந்த நீரில் விளைபவை, குறைந்த நீரில் சமைக்கக்கூடியவை. அரிசியும் காய்கறி வகைகளும் வேண்டும் என்று கேட்டால் நகரத்திலிருந்து வரவழைப்பார்கள், கேட்காதீர்கள்.

சாப்பிட்ட பிறகு என் வழிகாட்டி தட்டைக் கழுவிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேட்டுச் சரிவில் இரண்டு விரல் ஆழம் விலக்கி, அடியிலிருந்த உலர்ந்த மணலை ஒரு பிடி எடுத்துத் தட்டில் போட்டார். உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து, கொட்டி, மீண்டும் ஒரு பிடி. மூன்றாம் முறை கொட்டியபோது எண்ணெய்ப் பிசுக்கு முற்றிலும் போய், எஃகு தேய்த்து வைத்த பூசைப் பாத்திரம்போல் இருந்தது. பிறகு ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஆறு தட்டுகளுக்கும் சேர்த்து ஒரு குவளை நீர்கூடச் செலவாகவில்லை.

கழிப்பிடம்

இதைப் பேசத் தயங்குவதால்தான் பல மணல்மேடுகள் கெட்டுக் கிடக்கின்றன. ஆளுக்கொரு திசையில் செல்வதானால், முகாமிலிருந்தும் கிணறு, வயல், ஆகோர் ஆகியவற்றிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் விலகி, 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, பயன்படுத்தியபின் மூட வேண்டும். பாலை மண்ணில் ஈரமும் நுண்ணுயிரும் குறைவு என்பதால் கழிவு மெதுவாகவே மட்கும்; வெயிலின் சூடு எட்டும் ஆழத்தில் இருப்பது உதவும். காகிதத்தையும் மாதவிடாய்த் துணிகளையும் அணையாடைகளையும் புதைக்கக்கூடாது. காற்று அவற்றை வெளிக்கொணரும், நரி தோண்டி எடுக்கும். ஒளி புகாத பை ஒன்றில் போட்டு, சிறிது சாம்பல் தூவி, திரும்பக் கொண்டு வாருங்கள்.

பறவைகளும் இரவும்

இரண்டாம், மூன்றாம் நாள்களில் நடையைக் குறைத்து, பார்ப்பதற்கு நேரம் கொடுங்கள். ராஜஸ்தானின் மாநிலப் பறவையான கானமயில், உள்ளூர்ச் சொல்லில் கோடாவண், ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை இந்தியச் சமவெளிகளில் பரவியிருந்தது. இன்று இயற்கை வாழிடங்களில் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 150. அவற்றுள் பெரும்பான்மை இந்த மாவட்டத்தில் உள்ளன. தரையில் ஒரே ஒரு முட்டை இடும் இந்தக் கனத்த பறவைக்கு நேர் முன்னால் உள்ளதைக் காணும் பார்வை குறைவு. அதனால் மின்கம்பிகளில் மோதி இறக்கிறது. 2019-இல் சாமில் இனப்பெருக்க மையம் ஒன்று தொடங்கப்பட்டது. கானமயிலைத் தேடி வாகனத்தில் துரத்த வேண்டாம். தற்செயலாகக் கண்டால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், படத்தோடு இடத்தைச் சமூக வலைத்தளங்களில் குறிப்பிடாதீர்கள். கூட்டமாகப் பறவை காண விரும்புவோர், திரும்பும் வழியில் பலோதி அருகே கீச்சனில் இறங்கலாம். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கர்கரா நாரைகள் ஊரார் தூவும் தானியத்துக்கு வந்து இறங்குகின்றன.

இரவில் ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, வெள்ளை விளக்கு ஆகிய மூன்றும் இல்லாமலிருக்கட்டும். பாட்டு வேண்டுமென்றால் மாங்கணியார் கலைஞர் ஒருவரை அவருடைய ஊரிலிருந்தே அழைத்து, கூலியை அவர் கையிலேயே கொடுங்கள். ஆட்டுத்தோல் போர்த்திய மரக்குடத்தில் நரம்பு பூட்டிய காமாய்ச்சாவுக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை. ஹமீரா ஊரின் சாக்கர் கான் அதை வாசித்தே 2012-இல் பத்மஸ்ரீ பெற்றார். இருட்டில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். குளிரில் சுருட்டை விரியன் நடமாட்டம் குறைவென்றாலும் இல்லையென்று சொல்ல முடியாது. கடிபட்டால் கட்டுப்போடுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே ஜெய்சல்மேர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நான்காம் நாள்: இடத்தை விட்டுப் புறப்படுதல்

கூடாரத்தைப் பிரித்த பின், குழுவினர் அனைவரும் கைநீட்டும் இடைவெளியில் வரிசையாக நின்று, முகாமிட்ட இடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தரையைப் பார்த்தபடி நடந்து கடந்து செல்லுங்கள். பாட்டில் மூடி, தீக்குச்சி, ஆரஞ்சுத் தோல், தலைமுடிக் கிளிப் என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது அகப்படும். தலையணை உறைகளின் மணலை எடுத்த இடத்திலேயே கொட்டுங்கள். சட்டியில் ஆறிய கரியையும் மூட்டை கட்டிய குப்பையையும் வண்டியில் ஏற்றுங்கள். கிராமத்தில் விட்டுவிட வேண்டாம், அங்கே குப்பை வண்டி வருவதில்லை, மாடுகள்தான் தின்னும். நகரத்துக்கே கொண்டு செல்லுங்கள்.

பேசிய தொகையை ஒட்டகக்காரர்களிடம் தனித்தனியாகக் கொடுங்கள். கேன்களில் பெரும்பாலும் ஐந்தாறு லிட்டர் மிஞ்சியிருக்கும். கிராமத்து நுழைவில் கால்நடைகளுக்காகக் கட்டிய கல்தொட்டி ஒன்று இருக்கும். அந்த நீரை அதில் ஊற்றிவிட்டு, காலிக் கேன்களை வழிகாட்டியின் வீட்டுத் திண்ணையில் கவிழ்த்து வையுங்கள்.